மெல்லிய நரம்பில் பெரிய மீன்

மெல்லிய நரம்பில் பெரிய மீன் பிடித்தல் என்பது தூண்டில் விளையாட்டின் ஒரு பிரிவு ஆகும். மீனின் எடையில் ஒரு சிறு பங்கை மட்டுமே தாங்கக்கூடிய நரம்பையும், அதற்கு ஏற்ற இலேசான கோலையும் கொண்டு மீனைக் கரைக்கோ படகுக்கோ கொண்டுவருவதே இதன் அடிப்படை. நரம்பு என்பது இங்கே தூண்டில் கயிற்றைக் குறிக்கும். தங்கூசி என்றும் இதற்குப் பெயர் உண்டு. 4 கிலோ இழுப்பில் அறுந்துவிடும் நரம்பில் 20 கிலோ மீன் பிடிபடுவது இந்த விளையாட்டில் நடக்கக்கூடியதுதான். அப்படிப் பிடித்தவர்கள் அந்த ஒரு மீனைப் பல ஆண்டுகள் கழித்தும் நாள், நேரம், காற்றின் திசை முதலியவற்றோடு நினைவில் வைத்திருப்பார்கள். தடித்த கயிற்றில் பிடித்த அதைவிடப் பெரிய மீன்கள் மறந்துபோயிருக்கும்.

பிழைப்புக்காக மீன் பிடிப்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். கட்டுமரத்திலோ வள்ளத்திலோ சென்று கைத்தூண்டில் போடும் மீனவர், மீன் தப்பிவிடக் கூடாது என்பதற்காகத் தாங்கும் வலு உள்ள நரம்பைத்தான் எடுத்துச் செல்வார். வேண்டுமென்றே மெல்லிய நரம்பைத் தேர்ந்தெடுப்பது அவருக்கு அன்றைய கூலியைக் கடலில் போடுவது போன்றது. அவர் நினைப்பது முற்றிலும் சரி. மெல்லிய நரம்பு என்பது மீன் உணவாக இல்லாமல் விளையாட்டாக மாறிய இடத்தில் பிறந்த எண்ணம். அந்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் உள்ள சாண்டா கேட்டலினா தீவு.

கேட்டலினா தீவும் டூனா கிளப்பும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேட்டலினா தீவின் அவலான் விரிகுடாவில் மீன் அவ்வளவு மலிந்து கிடந்தது. சுற்றுலா வந்தவர்கள் கரையிலிருந்தே தடித்த கைத்தூண்டில்களை வீசி, பாரை இனத்தைச் சேர்ந்த மஞ்சள்வால் மீன்களைக் குவியல் குவியலாக இழுத்துப் போட்டார்கள். தின்பதற்கும் விற்பதற்கும் மிஞ்சியவை வீணாயின. 1886இல் அங்கு வந்த இயற்கையியலாளர் சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் இதைக் கண்டு மனம் வருந்தினார். மீனுக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். கைத்தூண்டிலை விட்டுக் கோலும் ரீலும் கொண்டு பிடிப்பதை அவர் வலியுறுத்தினார்.

1898 ஜூனில் ஹோல்டர் 183 பவுண்டு (83 கிலோ) எடையுள்ள நீலத்துடுப்புச் சூரை ஒன்றைக் கோலிலும் ரீலிலும் பிடித்தார். போராட்டம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடித்தது; மீன் படகைப் பல மைல் இழுத்துக்கொண்டு போனது. அதே ஆண்டில் அவரும் நண்பர்களும் சேர்ந்து டூனா கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினர். எந்தக் கோல், எந்தக் கயிறு, யார் உதவலாம், யார் உதவக்கூடாது என்று எழுதி வைத்த விதிகளே அச்சங்கத்தின் சொத்து. பிற்காலத்தில் உலகம் முழுவதும் பரவிய கடல் தூண்டில் விதிகளுக்கு அவை முன்மாதிரி ஆயின.

அக்காலத்தில் நைலான் இல்லை. தூண்டில் கயிறு சணல் போன்ற லினன் இழைகளை முறுக்கிச் செய்யப்பட்டது. கயிற்றின் வலுவை இத்தனை இழை என்றே சொன்னார்கள். சூரைக்கு வழக்கமாகப் பயன்பட்டது 24 இழைக் கயிறு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், அதைவிட மெல்லிய 9 இழைக் கயிற்றுக்குத் தனிப் பிரிவு வந்தது. அதுவும் போதாதென்று தாமஸ் பாட்டர் என்ற உறுப்பினர் 'மூன்று ஆறு' என்ற வகையைப் பரப்பினார். 6 அடிக் கோல், அதன் எடை 6 அவுன்ஸ், கயிறு 6 இழை: இந்த மூன்று ஆறுகளே பெயருக்குக் காரணம். 6 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 170 கிராம். ஒரு நடுத்தர மாம்பழத்தின் எடை.

லினன் கயிற்றுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. நாள்தோறும் மாலையில் ரீலிலிருந்து முழுவதையும் பிரித்துக் காயவைக்காவிட்டால் அது உளுத்துவிடும். காலையில் எவ்வளவு திறமையாக மீனோடு போராடினாலும், முந்தைய நாள் மாலைச் சோம்பல் கயிற்றை அறுத்துவிடும்.

அந்நாளைய ரீல்களும் இன்றைய ரீல்கள் போன்றவை அல்ல. மீன் ஓடும்போது கைப்பிடியும் எதிர்த்திசையில் வேகமாகச் சுழலும். விரல் மாட்டினால் முறியும். கயிற்றின் ஓட்டத்தைத் தடுக்க, சுருளின் மேல் ஒரு தோல் துண்டைப் பெருவிரலால் அழுத்த வேண்டும். டூனா கிளப்பின் உறுப்பினரான வில்லியம் போஷன் என்பவரின் யோசனைப்படி, ஜூலியஸ் வாம் ஹோஃப் என்ற ரீல் தயாரிப்பாளர் ரீலுக்குள்ளேயே இழுவைத் தடை அமைத்தார். கைப்பிடி அசையாமல் இருக்க, சுருள் மட்டும் வழுக்கிச் சுழன்று கயிற்றை விட்டுக்கொடுத்தது. 1913இல் போஷன் அத்தகைய ரீலைக் கொண்டு 355 பவுண்டு வாள்மீனைப் பிடித்தார். கோலிலும் ரீலிலும் பிடிபட்ட முதல் வாள்மீன் அதுவே எனக் கருதப்படுகிறது.

4 கிலோ நரம்பு 20 கிலோ மீனை எப்படித் தாங்குகிறது?

புதிதாகக் கேட்பவர்களுக்கு எழும் முதல் ஐயம் இதுதான். விடை மூன்று பகுதிகளாக உள்ளது.

முதலாவது, மிதப்பு. பெரும்பாலான எலும்பு மீன்களின் வயிற்றில் காற்றுப்பை இருப்பதால் நீருக்குள் அவற்றின் எடை ஏறத்தாழ இல்லாமலே போகிறது. சூரை போன்றவை சற்றுக் கனமானவை என்றாலும், நிலத்தில் உள்ள எடையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. ஆகவே நரம்பு தாங்க வேண்டியது மீனின் எடையை அன்று; அது நீந்தி இழுக்கும் விசையை மட்டுமே. அதே மீனை நீருக்கு வெளியே நரம்பால் தூக்க முயன்றால் அடுத்த நொடி அறுந்துவிடும். பெரிய மீன்கள் கடைசியில் படகின் ஓரத்தில் தப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வலையையோ கொக்கியையோ மீனின் அடியில் கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

இரண்டாவது, இழுவைத் தடை. நரம்பு அறுவதற்கு முன்பே ரீல் அதை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். பொதுவாக நரம்பின் வலுவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இந்தத் தடையை வைப்பார்கள். 10 கிலோ நரம்பு என்றால் ஏறத்தாழ 3 கிலோ. கையால் இழுத்து உத்தேசமாகப் பார்ப்பது போதாது. தொங்கு தராசில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்ப்பதே நம்பத் தக்கது.

மீதி ஏழு கிலோ வலு எங்கே போகிறது? இங்கேதான் கணக்கு சுவையாகிறது. மீன் ஓட ஓடச் சுருளில் நரம்பு குறைகிறது. சுருளின் விட்டமும் குறைகிறது. தடை தரும் உராய்வு மாறாததால், விட்டம் பாதியானால் நரம்பை இழுக்கத் தேவையான விசை இரு மடங்காகும். சுருள் நிறைந்து 6 செ.மீ. விட்டத்தில் இருந்தபோது 3 கிலோ என்று வைத்த தடை, நரம்பு ஓடி 3 செ.மீ. ஆகும்போது 6 கிலோ ஆகிவிடுகிறது. யாரும் எதையும் தொடவில்லை. தடை தானாகவே ஏறிவிட்டது. அதோடு, நீருக்குள் வளைந்து கிடக்கும் 200 மீட்டர் நரம்பின் மீது தண்ணீர் தரும் தடையும் சேர்கிறது. முடிச்சுப் போட்ட இடத்தில் நரம்பின் வலு ஏற்கெனவே சற்றுக் குறைந்திருக்கும். இவையெல்லாம் கூடினால் 10 கிலோ எல்லை வெகு தொலைவில் இல்லை.

மீன் வெகுதூரம் ஓடும்போது தடையைக் கூட்டக்கூடாது, குறைக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். புதியவரின் கை இதற்கு நேர்மாறாகவே போகும். மீன் போகிறதே என்ற பதற்றத்தில் திருகை இறுக்குவார், நரம்பு அறும். மெல்லிய நரம்பில் இழந்த பெரிய மீன்களில் கணிசமானவை மீனின் வலிமையால் அல்லாமல் இந்த ஒரு திருகலால் போனவை.

மூன்றாவது, கோல். கோல் மீனை இழுக்கும் நெம்புகோல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நெம்புகோலின் பயன் மீனின் பக்கமே உள்ளது. 2 மீட்டர் கோலின் அடியை இடுப்பில் ஊன்றி, அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஒரு கையால் பிடித்திருப்பதாகக் கொள்வோம். நுனியில் மீன் குறுக்காக 3 கிலோ விசையோடு இழுத்தால், அந்தக் கை தாங்க வேண்டியது 12 கிலோ. அரை மணி நேரத்தில் தோளும் முதுகும் கெஞ்சும். கோல் நன்றாக வளையும்போது நுனி உடலை நோக்கி வருவதால் இந்தச் சுமை சற்றுக் குறைகிறது. ஆனால் கோலின் முதல் வேலை வேறு: மீன் திடீரென்று தலையை உதறும்போது அந்த அதிர்ச்சியை வில்லைப் போல வளைந்து வாங்கிக்கொள்வது. மெல்லிய நரம்பை அறுப்பது பெரும்பாலும் நிதானமான இழுப்பு அல்ல, இத்தகைய உதறல்தான்.

மீனைக் களைக்கச் செய்தல்

மீன் எப்படித் தோற்கிறது என்பதையும் எண்ணால் பார்க்கலாம். 3 கிலோ தடைக்கு எதிராக மீன் பல ஓட்டங்களில் மொத்தம் 1 கிலோமீட்டர் நரம்பை இழுத்தால், அது செய்யும் வேலை 30 கிலோ எடையை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்குச் சமம். நீரைக் கிழித்து நீந்தும் செலவு இதற்கு மேல். நரம்பின் வலு சிறியதாக இருந்தாலும் தூரம் நீளும்போது மீன் இழக்கும் ஆற்றல் பெரிதாகிவிடுகிறது. சுருங்கச் சொன்னால், நரம்பிடம் இல்லாத வலிமையை நேரத்திடமிருந்து கடன் வாங்குவதே இந்தக் கலை.

மீன் நிற்கும் கணத்தில் பிடிப்பவர் ஓய்வெடுக்கக்கூடாது. கோலை மெதுவாக உயர்த்தி மீனைச் சற்று அருகே கொண்டுவந்து, பிறகு கோலைத் தாழ்த்திக்கொண்டே தளர்ந்த நரம்பைச் சுருட்ட வேண்டும். ரீலைச் சுற்றியே மீனை இழுக்க முயல்வது பயனற்றது. மீன் ஓடத் தொடங்கினால் உடனே விட்டுக்கொடுக்க வேண்டும். இழுக்கும் திசையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மீன் இடப்பக்கம் போனால் வலப்பக்கம் இழுத்து அதன் தலையைத் திருப்புவது, எதிர்த்து இழுப்பதைவிட மேலானது. கடலில் என்றால் படகோட்டியின் பங்கு பாதி. மீனைத் தொடர்ந்து படகைச் செலுத்தி, வெளியே கிடக்கும் நரம்பைக் குறைப்பவர் அவரே. புகைப்படத்தில் பெரும்பாலும் அவர் இருப்பதில்லை.

எல்லா இடத்துக்கும் மெல்லிய நரம்பு பொருந்தாது என்பதற்குக் காவிரி நல்ல எடுத்துக்காட்டு. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் வெளிவந்த தம் நூலில் தென்னிந்திய ஆறுகளின் மஷீர் மீனைப் பற்றி விரிவாக எழுதினார். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்த மஷீர் 120 பவுண்டு (54 கிலோ) இருந்தது. இம்மீன் தூண்டில் முள் தைத்ததும் பாறை இடுக்குகளுக்குள் பாயும். விட்டுக்கொடுத்துக் களைக்கச் செய்ய அங்கே இடம் இல்லை. கூரிய பாறையில் உரசினால் மெல்லிய நரம்பு நூல்போல அறும். திறந்த கடலும் மணல் தரையும்தான் மெல்லிய நரம்புக்கு ஏற்ற களம்.

விகிதமும் விதியும்

1939இல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. இச்சங்கம் நரம்பின் வலுவை 1, 2, 3, 4, 6, 8, 10, 15, 24, 37, 60 கிலோ எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சாதனைகளைப் பதிவு செய்கிறது. சாதனை கோருபவர் தாம் பயன்படுத்திய நரம்பின் மாதிரியையும் அனுப்ப வேண்டும். அதை நனைத்து இழுத்துச் சோதிப்பார்கள். சொன்னதைவிட வலு கூடுதலாக இருந்தால் மீன் அடுத்த பிரிவுக்குப் போய்விடும். நரம்பின் வலுவைப்போல 5, 10, 15, 20 மடங்கு எடையுள்ள மீன் பிடித்தவர்களுக்குத் தனிப் பட்டியல்களும் உண்டு. 20 மடங்கு என்றால், 2 கிலோ நரம்பில் 40 கிலோ மீன்.

முள் தைத்த பிறகு கோலை வேறு யாரும் தொடக்கூடாது என்பது முதன்மையான விதி. இதைப் பற்றிய ஐயம் மனிதர்களின் பெருமையை எவ்வளவு தொடும் என்பதற்கு டூனா கிளப்பிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. புகழ்பெற்ற நாவலாசிரியர் ஜேன் கிரே 1920இல் 418 பவுண்டு வாள்மீனைப் பிடித்து அதைப் பெரிதும் பேசிவந்தார். அடுத்த ஆண்டே திருமதி கீத் ஸ்பால்டிங் 426 பவுண்டு வாள்மீனைப் பிடித்தார். ஒரு பெண் அதைத் தனியாகப் பிடித்திருக்க முடியாது என்று கிரே ஐயம் எழுப்பினார். சங்கம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அவர் சங்கத்தை விட்டு விலகினார். எட்டு பவுண்டு வேறுபாடு. ஒரு நல்ல எழுத்தாளர் இதில் இவ்வளவு சிறுத்துப்போனது வியப்புக்குரியது.

நிறைவு எங்கிருந்து வருகிறது?

பிடிபட்ட மீனின் எடை மட்டும் காரணமாக இருந்தால், பெரிய கப்பல்களில் வேலை செய்பவர்களே உலகில் மிகவும் நிறைவடைந்தவர்களாக இருப்பார்கள். மெல்லிய நரம்பில், முடிவு கடைசி நொடி வரை தெரியாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் எவ்வளவு விடுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்க வேண்டும். ஒரு தவறு போதும். முடிச்சை நேற்றிரவு யார் போட்டது, உரசிய நரம்பை வெட்டி எறிந்தாயிற்றா என்பனவெல்லாம் அப்போது கேள்விகளாக எழும். இத்தனை முடிவுகளும் ஒரு மணி நேரத்தில் ஒரு மெல்லிய இழையின் வழியே கை உணர்ந்தவை. அதனால்தான் நினைவு அவ்வளவு விவரமாகத் தங்குகிறது. வலிமையால் கிடைத்த வெற்றியை வேறொரு வலிமையானவர் முறியடிக்கலாம். பொறுமையால் கிடைத்தது அவ்வளவு எளிதில் பழையதாவதில்லை. தப்பிப்போன மீனும் இதே அளவு நினைவில் நிற்பதற்கும் காரணம் இதுவே.

மீனின் பக்கம்

ஹோல்டரின் எண்ணம் மீனுக்கு நியாயமான வாய்ப்புத் தருவது. ஆனால் மெல்லிய நரம்பு உண்மையில் மீனுக்கு நன்மை செய்கிறதா என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே உண்டு. மேற்சொன்ன அதே ஜேன் கிரே, 1919இல் வெளிவந்த தம் நூலில், பெரிய மீனுக்கு அளவு மீறி மெல்லிய கயிறு பயன்படுத்துவதைக் குறை கூறினார். கயிறு அறுந்து, வாயில் முள்ளோடும் பின்னால் இழுபடும் கயிற்றோடும் போகும் மீன்களை அவர் சுட்டிக்காட்டினார். இந்த இடத்தில் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

இன்றைய உயிரியல் அறிவு அவர் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. மீனின் வேகமான ஓட்டத்துக்கு உதவும் வெள்ளைத் தசைகள் ஆக்சிஜன் இல்லாமலே இயங்கி லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துவிடுகின்றன. போராட்டம் நீள நீள இரத்தத்தின் அமிலத்தன்மை கூடுகிறது. அப்படிக் களைத்த மீனை விட்டுவிட்டாலும் சில பின்னர் இறந்துபோகலாம். சில சுறாவுக்கு இரையாகும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அதில் ஆக்சிஜன் குறைவு. ஆபத்து மேலும் கூடும். சூரைக்குத் தன் உடல் வெப்பமும் ஒரு பகை. அது நீரைவிடச் சூடான உடல் கொண்ட மீன். நீண்ட நேரம் போராடினால் தசை சூடேறி, வெட்டும்போது வெளிறி வெந்ததுபோல் இருக்கும். சந்தையில் அதற்கு மதிப்பில்லை.

ஆகவே ஒரு முரண் உருவாகிறது. பிடிப்பவருக்கு நிறைவைத் தருவது போராட்டத்தின் நீளம்; மீனைக் கொல்வதும் அதே நீளம்தான். மீனை உணவுக்கு எடுப்பவருக்கு இது பெரிய சிக்கல் அன்று. பிடித்து விடுபவருக்குத்தான் இது நேரடிக் கேள்வி. காவிரியின் திமில் மஷீர் போன்ற மீன்களில் இக்கேள்வி மிகவும் கூர்மையானது. 2018இல்தான் இதன் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டில் மிகவும் அருகிவிட்ட இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. அத்தகைய மீனின் மேல் விகிதக் கணக்குப் பார்ப்பது பொருத்தமற்றது.

அனுபவம் மிக்கவர்கள் நடுவழி ஒன்றைக் கடைப்பிடிக்கிறார்கள். நரம்பு மெல்லியதாக இருந்தாலும் அதன் எல்லை வரை துணிந்து அழுத்தம் கொடுத்து, போராட்டத்தை இயன்றவரை விரைவில் முடிப்பார்கள். மீனைச் சும்மா ஓடவிட்டு ஒரு மணி நேரம் கதை வளர்ப்பதை அவர்கள் திறமையாகக் கருதுவதில்லை. நீர் மிகவும் வெதுவெதுப்பாக உள்ள நாட்களிலும் சுறா சுற்றும் இடங்களிலும் தடித்த நரம்புக்கு மாறுவார்கள். வாயோரத்தில் தைக்கும் வட்ட முள்ளையும், கழற்ற எளிதான செதிலற்ற முள்ளையும் பயன்படுத்துவார்கள். மீனை நீரிலேயே வைத்து முள்ளை எடுத்து, அது தானாக நீந்தும் வரை தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருப்பார்கள். தராசில் தொங்கவிட்டு எடை பார்க்காமல், நீளத்தை அளந்து படம் எடுத்தபின் விட்டுவிடும் மீன்களுக்கும் இப்போது பன்னாட்டுச் சங்கம் தனிச் சாதனைப் பிரிவு வைத்துள்ளது.